முதல் கவளத்தோடு

ஆமென் என்றார்கள், நானும் வாயில் போட்டுக்கொண்டேன். கோயில் அசன விருந்துப் பந்தல் முழுக்க உட்கார்ந்திருக்கிற முந்நூறு பேரும் ஒரே குரலில் சொன்ன ஆமென் அது, நானாகக் கற்பனை செய்துகொண்டது இல்லை. கைக்குட்டை முடிச்சை மடிக்குள்ளேயே அவிழ்த்து, இருமுகிறவள் மாதிரி வாயைப் பொத்தி, இரண்டு மாத்திரையையும் நாக்கில் வைத்துவிட்டு வலது கையைச் சோற்றில் வைக்கப் போகிறேன், உபதேசியார் கையிலிருந்து மைக்கைச் சபைப் போதகர் ஐயர் வாங்குகிறார். தொண்டையைச் செருமுகிறார். அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த, எங்களுக்குச் சம்பந்தியாகப் போகிற பொன்னுமலர் மதினி என் காதோடு, "இனிமேத்தான் மதினி பெரிய ஜெபம். ஆடு குடுத்த வீட்டுக்காரங்க பேரையெல்லாம் சொல்லி ஐயர் ஜெபிப்பாங்க" என்று சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மகராசி, இதை ஒரு நிமிஷம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா. எங்கள் தூத்துக்குடிச் சபையில் சாப்பாட்டுக்கு ஒரே ஜெபம், நாலு வரி, பிரியாணி ஆறுமுன் முடிந்துவிடும். இந்த எபனேசர்புரத்தில் உபதேசியார் ஜெபம் என்பது கல்யாணப் பத்திரிகையின் மேல் உறை மாதிரி, உள்ளே பிரித்தால்தான் விஷயமே இருக்கிறதாம். நானும் கண்ணை மூடிக்கொள்கிறேன். வாயையும்.

முதல் கவளத்தோடு, என்றார் டாக்டர். சாப்பாட்டுக்கு முன்னால் இல்லை அம்மா, பின்னால் இல்லை, முதல் கவளத்தோடு. பெரிய விருந்து என்றால் பாதியில் இன்னொன்று. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல மூன்று தடவை சொன்னார், நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மூன்று தடவை தலையாட்டினேன். உங்கள் கணையம் சோற்றைச் செரிக்கிற நீரைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது, அந்த வேலையை இந்த மாத்திரைதான் செய்யணும், சோறும் இதுவும் ஒன்றாக உள்ளே போனால்தான் இதற்கு வேலை, தனியாகப் போனால் வீண். பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்று சொல்ல வந்தபோது மட்டும் அந்த மனிதர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து ரொம்பத் தயங்கினார். எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை டாக்டர், கிறிஸ்மஸுக்கு இரண்டு கிலோ வாங்குவோம் என்றேன். இவர், என் வீட்டுக்காரர் தவசிமணி, நாற்காலியில் நெளிந்தார். இவருக்கு நான் வாயைத் திறந்தாலே நெளிவுதான். இப்போது திறக்க முடியவில்லை, எதிர் வரிசையில் ஆண்களோடு உட்கார்ந்து நிம்மதியாக ஜெபித்துக்கொண்டிருப்பார். வாயில் அடக்கி வைக்கக் கூடாது என்றும் டாக்டர் சொன்னார். உள்ளே இருக்கிற குருணை வெளியே வந்தால் வாய் வெந்துவிடும், அது சோற்றைக் கரைக்கிற மருந்து, சோறு இல்லாவிட்டால் நாக்கைக் கரைக்கும் என்றார். ஒன்று இடது கன்னத்தில் ஒதுங்கியிருக்கிறது. இன்னொன்று மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளிப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது, சுவரில் ஒட்டிய தேர்தல் நோட்டீஸ். எச்சில் ஊறுகிறது. கண்ணை மூடியிருந்தால் மூக்கு திறந்துகொள்ளும் போல, கறியும் கத்திரிக்காயும் ஒன்றாக வெந்த குழம்பின் வாசனை இலையிலிருந்து நேராக மேலே ஏறுகிறது. எந்த வீட்டுச் சமையலிலும் இந்த வாசனை வராது, இருபது அண்டாவில் ஒன்றாகக் கொதித்தால்தான் வரும். அதற்கும் சேர்த்து ஊறுகிறது. ஊற ஊற மாத்திரை கரையும். ஊறாதே, ஊறாதே.

முதல் ஆட்டைக் கொடுத்த தாசன் நாடார் குடும்பத்தாரை ஆசீர்வதியும். அவர் வெளிநாட்டில் இருக்கிற மூத்த மகனை, அவன் போகிற கப்பலை, கப்பல் போகிற கடலை. ஐயா, கடல் வரைக்கும் போனால் நாம் எப்போது கரை சேர்வது. மொத்தம் எத்தனை ஆடு? காலையில் கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் உரித்துத் தொங்கவிட்டிருந்ததைப் பொன்னுமலர் மதினி பெருமையாகக் காட்டினார், அதோ அந்தக் கடைசி செங்கிடாய் எங்க வீட்டுது மதினி, மகன் ஜாஸ்பர் பேருக்குக் குடுத்தது என்று. நான் ஆட்டையா பார்த்தேன், அதன் முதுகில் இருந்த கொழுப்பைப் பார்த்தேன், வெள்ளைவெளேர் என்று கம்பளி போர்த்தின மாதிரி. பத்து ஆடாவது இருக்கும். ஆட்டுக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தால் இருபது நிமிஷம். விழுங்கிவிடலாம். இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது, எட்டினால் கைக்கு வரும். விழுங்கினால் இருபது நிமிஷம் வெறும் வயிற்றில் சுற்றிவிட்டு, குழம்பு உள்ளே போகிற நேரத்துக்கு இது போய்ச் சேர்ந்திருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் வருமுன்னே பந்தலைப் பிரித்துவிட்டு ஆட்கள் போன கதை. துப்பலாம். கைக்குட்டையைத் தூக்கி வாயில் வைத்துத் துப்பினால் பொன்னுமலர் மதினியின் முழங்கை என் முழங்கையில் இடிக்கிற இடைவெளியில், ஐயோ மதினி என்ன செய்யுது, வாந்தியா, ஏட்டி தண்ணி கொண்டா என்று முந்நூறு பேரும் கண்ணைத் திறக்கும்படி ஆகும். கைப்பையில் பாட்டில் இருக்கிறது, ஜெபம் முடிந்ததும் புதிதாக இரண்டு எடுக்கலாம், ஆனால் அந்தப் பாட்டிலைத் தொட்டாலே கிலுக்கு மாதிரிச் சத்தம் போடும், அதற்காகத்தானே கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தது. என்ன மாத்திரை மதினி என்பார். சும்மா சத்து மாத்திரை என்று சொன்னால் நம்புகிற ஆள் இல்லை, முப்பது வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா. வாங்கிப் பெயரைப் படிப்பார். படித்ததும் தெரிந்துவிடும்.

கணையம் என்றால் இந்தப் பக்கத்தில் குடிகாரன் உறுப்பு. யாராவது சாராயம் குடித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு செத்தால்தான் அந்தச் சொல்லே ஊர் வாயில் வரும். டாக்டரே முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார். ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கணையம் முழுக்கக் கல், மணல் கொட்டின மாதிரி இருக்கிறதே, தப்பா நினைக்காதீங்கம்மா, குடிப்பீங்களா? மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர், திருவிருந்தில் திராட்சரசம் ஒரு சொட்டு, அதையும் ஐயர் கிண்ணத்தைச் சீக்கிரம் பிடுங்கிக்கொள்வார் என்றேன். சிரிக்கவில்லை. குடிக்காதவர்களுக்கும் வரும், காரணம் தெரியாமலே வரும் என்றார். நான் அதற்கு முன் இரண்டு வருஷமாக என்ன சாப்பிட்டாலும் வயிறு கிழித்துக்கொண்டு, போனால் எண்ணெய் மிதந்து, மூன்று வாளி ஊற்றினாலும் போகாமல், ரவிக்கையெல்லாம் தொளதொளத்துக் கிடந்தேன், சபைப் பெண்கள் எல்லாம் எமிலின் என்னமா இளைச்சிட்டே, என்ன டயட் சொல்லேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடம் வேறொன்றும் கேட்டேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவர் உடனே பதில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில குடும்பத்தில் வருகிறது, பல குடும்பத்தில் வருவதில்லை, இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்று ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது ஆட்டுக்கு ஆமென். மூன்றாவது ஆட்டைக் கொடுத்தது மாதர் சங்கம், அதனால் சங்கத்தின் ஒவ்வொரு பொறுப்பாளரும் ஆசீர்வதிக்கப்பட வேண்டும். செயலாளர். பொருளாளர். மேலண்ணத்தில் ஒட்டியது மெத்தென்று ஆகிவிட்டது, தோல் உரியப் போகிற கொப்புளம் மாதிரி. எதையும் நினைக்காமல் இருக்க வேண்டும். வாயை நினைக்க நினைக்க வாய் பெரிதாகிறது. சிஸ்டர் பெர்பெத்துவா. இந்தப் பெயர் எதற்கு இப்போது வருகிறது, நாற்பது வருஷமாயிற்று, கான்வென்ட்டில் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் நீள மேஜையில் எண்பது டிபன் பாக்ஸ், எண்பது ஜோடி கூப்பின கை, ஆங்கிலத்தில் ஜெபம். அது முடியுமுன்னே நான் ஒரு வாய் தயிர் சாதத்தை அள்ளிப் போட்டுவிட்டேன், பசித்தது, பத்து வயசு, வேறென்ன. சிஸ்டருக்கு முதுகிலும் கண். விழுங்காதே, மெல்லாதே, அப்படியே நில். எல்லோரும் சாப்பிட்டு, கழுவி, துடைத்து, வரிசையாக வகுப்புக்குப் போகிற வரைக்கும் வாய் நிறையச் சோற்றோடு பெஞ்சுமேல் நின்றேன். சோறு வாயில் கரைந்து இனித்தது ஞாபகம் இருக்கிறது, பிறகு புளித்தது. கடைசியில் சிஸ்டர் வந்து, இப்போது சொல் ஆமென் என்றார். எப்படிச் சொல்வது, வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வரும். சொல்லவில்லை. அதற்குத் தனியாக ஒரு அடி. அன்றைக்குத் தீர்மானித்தேன், இனி என் வாயை எவளும் மூடிவைக்க முடியாது என்று. ஊரே சொல்லும் எமிலினுக்கு வாய் நீளம் என்று. நீளம்தான். ஆனால் ஒன்றரை வருஷமாக இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நானே ஏறி நின்றுகொண்டேன் பெஞ்சில், யாரும் ஏற்றவில்லை.

காலையில் ஹெப்சி போனில் சொன்னாள், "அம்மா, நீ அவங்ககிட்ட சொல்லிடு. இல்லேன்னா நான் ஜாஸ்பர்கிட்ட சொல்லிடுவேன்." நிச்சயத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை ஊருக்கு வரக் கூடாது என்பதால் அவள் வரவில்லை, வந்திருந்தால் இவ்வளவு நேரத்துக்கு மைக்கிலேயே அறிவித்திருப்பாள். அடுத்த வியாழக்கிழமை நிச்சயம், அது முடியட்டும், மோதிரம் ஏறட்டும், பிறகு நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றேன். "மோதிரம் ஏறின பிறகு சொன்னா அதுக்குப் பேர் வேறம்மா" என்றாள். என்ன பேர் என்று கேட்காமல் போனை வைத்துவிட்டேன். யாரிடம் படித்தாள் இப்படிப் பேச. என்னிடம்தான். இவர் காரை ஓட்டிக்கொண்டே, "பிள்ளை சொல்லுததும் சரிதானே எமிலின்" என்றார். ரோட்டைப் பாருங்க என்றேன். சரி என்று எனக்குத் தெரியாதா. ஜாஸ்பர் நல்ல பையன், இவளை மூன்று வருஷமாகத் தெரிந்தவன், அவர்களாகவே கேட்டுக் கல்யாணம் பேச வந்தவர்கள். நல்ல இடம் என்றால்தான் பயமாயிருக்கிறது. கெட்ட இடமாக இருந்தால் போனவாரமே முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். அவர்கள் வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் நான். அவளாக எந்தத் தப்பும் செய்யாமல், என் வயிற்றுக்குள் கிடக்கிற நாலு கல்லால் அவள் திரும்பி நடக்க வேண்டும். சாப்பாட்டை மறுத்துவிடலாம் என்றும் யோசித்தேன், மறுக்க முடியுமா. அசனச் சோறு. இதை வேண்டாம் என்கிறவள் ஆசீர்வாதத்தையே வேண்டாம் என்கிறவள். சம்பந்தம் பேசியிருக்கிற வீட்டில் முதல் முதலாகக் கூப்பிட்டு முதல் பந்தியில் உட்காரவைத்திருக்கிறார்கள், இலையில் ஒரு பருக்கை மிச்சம் இருந்தாலும் ஊர் எண்ணும். மாத்திரை இல்லாமல் தின்றால் என்ன ஆகும் என்பதும் தெரியும். நாகர்கோவிலில் தம்பி மகன் ஞானஸ்நானத்தன்று வெட்கப்பட்டு, எல்லோர் முன்னாலும் எப்படிப் போடுவது என்று போடாமலே பிரியாணி தின்றேன். அரை மணியில் வயிறு திருகியது. அந்த வீட்டு பாத்ரூமில் முக்கால் மணி நேரம். கதவுக்கு வெளியே பெண்கள் பேச்சை நிறுத்துவது கேட்டது, பிறகு யாரோ சாம்பிராணி கொளுத்துகிற வாசம் வந்தது. அந்தச் சாம்பிராணி வாசம்தான் இன்னும் மூக்கில் நிற்கிறது. இங்கே கோயில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு கக்கூஸ். ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வந்ததும் பார்த்து வைத்துவிட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது கோபுரம் இல்லை.

ஆறாவதா, ஏழாவதா, எண்ணிக்கை விட்டுவிட்டது. பிறகு அந்தப் பெயர். "செங்கிடாய் கொடுத்த எங்கள் சகோதரி பொன்னுமலர் குடும்பத்தாரையும், அவர்கள் வீட்டில் சம்பந்தம் கலக்க வந்து இன்று எங்களோடு பந்தியமர்ந்திருக்கிற தூத்துக்குடிச் சகோதரி எமிலின் குடும்பத்தாரையும்" என்று மைக்கில் என் பெயர் பந்தலின் நாலு மூலைக்கும் போய் இடித்துத் திரும்பி வருகிறது. "அவர்களுக்குப் பூரண சுகத்தைக் கட்டளையிடும், அவர்கள் சரீரத்தில் ஒரு பலவீனமும் அணுகாதிருப்பதாக." ஸ்தோத்திரம் என்கிறது பந்தல். ஸ்தோத்திரம் என்கிறார் பக்கத்தில் பொன்னுமலர் மதினி, நிறைந்த குரலில், சொல்லிவிட்டு ஒரு கணம் நிற்கிறார். என் ஸ்தோத்திரத்துக்காக நிற்கிறார். எனக்குத்தானே ஜெபிக்கிறார்கள், நான்தானே முதலில் சொல்ல வேண்டும். உதட்டைத் திறக்காமல் ம் என்று மூக்கால் ஒரு சத்தம் எழுப்புகிறேன், மாடு மாதிரி. முழங்கை என் முழங்கையிலிருந்து விலகுகிறது. பார்க்கிறார். மூடின இமைக்கு மேல் பார்வை விழுந்தால் தெரியும், வெயில் மாதிரி. அந்த நேரம் பார்த்து மேலண்ணத்தில் இருந்தது உடைகிறது. சின்னச் சின்ன மணி, ரவை மாதிரி, நாக்கு முழுக்கச் சிதறுகிறது, பல்லிடுக்கில் போகிறது, ஒன்று கடிபட்டுவிட்டது, அழுகின ஈரலைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு, கசப்புக்குப் பின்னால் எரிச்சல். ஐயர் அடுத்த ஆட்டுக்குப் போகிறார். வாலிபர் சங்கம். வாலிபர் சங்கத்தில் எத்தனை பேரோ, ஒவ்வொருவனுக்கும் வேலை கிடைக்க வேண்டும், நல்ல மனைவி கிடைக்க வேண்டும். இருக்கிறதா கடவுளே, உமக்கே பொறுமை இருக்கிறதா. நாக்கின் ஓரம் காந்துகிறது. இனி எச்சிலையும் விழுங்க முடியாது, விழுங்காமலும் முடியாது. பெஞ்சுமேல் நிற்கிறேன். எண்பது பேர் சாப்பிட்டுவிட்டுக் கழுவப் போகிறார்கள். விழுங்காதே, மெல்லாதே. யார் சொன்னது? சிஸ்டர் செத்தே பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இங்கே இப்போது என்னை நிற்கச் சொல்கிறவள் யார்.

கண்ணைத் திறந்தேன். பந்தல் முழுக்கக் குனிந்த தலை, முக்காடு, ஆடுகிற விசிறி, ஒவ்வொரு இலையிலும் குழம்பின்மேல் ஆடை படிய ஆரம்பித்த கொழுப்பு. எதிர் வரிசையில் இவர், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, உண்மையாகவே ஜெபித்துக்கொண்டு. சோற்றில் கையை வைத்தேன். அடியில் இன்னும் சூடு இருந்தது, நல்லது. குழம்போடு பிசைந்து ஒரு பெரிய கவளமாக உருட்டி வாயில் போட்டு, குருணையையும் தோலையும் கன்னத்தில் கிடந்த முழு மாத்திரையையும் சேர்த்து விழுங்கினேன். தண்ணீரை எடுத்துக் கொப்பளித்து அதையும் விழுங்கினேன். இன்னொரு கவளம். வாலிபர் சங்கத்துக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. திரும்பினால் பொன்னுமலர் மதினி இரண்டு கண்ணையும் முழுக்கத் திறந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன மதினி," மெதுவாக, உதடு அசையாமல், "ஆமென் சொல்லுமுன்னே கை வச்சிட்டிய."

அவ்வளவு பசி என்று சொல்லலாம். சுகர் என்று சொல்லலாம், சுகர் மரியாதையான வியாதி, எல்லா வீட்டிலும் இருக்கிறது, இறங்கிவிட்டது மதினி, கை நடுங்குகிறது என்றால் அவரே ஊட்டிவிடுவார். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. வெந்த நாக்கு.

"மாத்திரை போட்டேன் மதினி. சோத்தோட போடணும். உபதேசியார் ஆமென் சொன்னதும் வாயில போட்டுட்டேன், அதான்."

"என்ன மாத்திரை?"

கைப்பையைத் திறந்தேன். பாட்டில் கிலுக்கென்றது, வரிசையில் நாலு பேர் தள்ளி ஒரு முக்காடு திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதை எடுத்து இரண்டு இலைக்கும் நடுவில், பாயின்மேல் வைத்தேன். அவர் தொடவில்லை. குனிந்து பெயரைப் படித்தார். நர்ஸம்மா படிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும், ஒரு ஆட்டின் பாதி நேரம்கூட ஆகாது, ஆனால் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கணையமா?"

"ஆமா. ஒன்றரை வருஷமா. குடியில்ல மதினி, கல்லு. ஏன் வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியல."

"குடியில்லன்னு எனக்குத் தெரியாதா," என்றார் எரிச்சலாக. ஐயர் மழைக்கு ஜெபிக்க ஆரம்பித்தார். நான் காத்திருந்தேன், எதற்கு என்று எனக்குத் தெரியும், டாக்டரிடம் நான் கேட்ட அதே கேள்விக்கு. வந்தது.

"ஹெப்சிக்கு?"

"இப்போ ஒண்ணும் இல்ல. வருமா வராதான்னு சொல்ல முடியாதுங்காங்க. வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அவ காலையிலேயே சொல்லச் சொன்னா. நான்தான் நிச்சயம் முடியட்டும்னு." அதற்கு மேல் வரவில்லை. வாய் நீளமான எமிலினுக்கு அதற்கு மேல் வரவில்லை.

அவர் முகம் ஜெபத்துக்கு மூடின முகம் மாதிரியே ஆகிவிட்டது, ஆனால் கண் திறந்திருந்தது. கோபமா, கணக்குப் போடுகிறாரா, மகனை நினைக்கிறாரா. என்னிடம் கேட்டால் நானாக இருந்தால் எழுந்து போயிருப்பேன். ஏன் மதினி முதலிலேயே சொல்லலை என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு, இலையை மூடிவிட்டு எழுந்து போயிருப்பேன், என் பிள்ளைக்கு வந்தால் நான் அப்படித்தான். மழைக்கான ஜெபம் முடிந்தது. ஆமென் வந்தது, உண்மையான ஆமென், முந்நூறு கை ஒன்றாக இலையில் விழுந்த சத்தம் கேட்டது, பந்தலே ஒரு பெருமூச்சு விட்டுச் சாப்பிட ஆரம்பித்தது. அவரும் சாப்பிட்டார். என்னைப் பார்க்கவில்லை. நானும் பாட்டிலை எடுத்துப் பையில் வைக்கவில்லை, வைக்கத் தோன்றவில்லை, அது அங்கேயே இரண்டு இலைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. வாளிக்காரன் வந்தான், குழம்பு விட்டான், போனான். எரிகிற நாக்கில் ருசியே தெரியவில்லை, செங்கிடாயோ எந்தக் கிடாயோ. ஒவ்வொரு கவளமாக எண்ணி விழுங்கினேன். எதிரே இவர் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், கவளம் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. சாப்பிடுங்க என்று கண்ணால் அதட்டினேன். வியாழக்கிழமைக்கு மண்டபம் சொன்னதை நிறுத்த வேண்டியிருக்கும். ஹெப்சியிடம் என்ன சொல்வேன். சொல்லிவிட்டேன் என்று சொல்வேன், முதலில் அதை.

பொன்னுமலர் மதினி எலும்பை இலையோரத்தில் ஒதுக்கினார். என் இலையை ஒரு பார்வை பார்த்தார், எவ்வளவு சோறு போயிருக்கிறது, எவ்வளவு மீதம் என்று, வார்டில் நின்று பார்க்கிற பார்வை. இடது கையால் தண்ணீர் டம்ளரை எடுத்து என் பக்கமாக நகர்த்தி வைத்தார். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

"பாதி ஆயிட்டு மதினி. அடுத்ததைப் போடுங்க."